மசாலாவுக்குள் பிளேடு

நர்கீஸ் படியேறி வந்தபோது உடையப்பன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த அவருடைய துப்பறியும் அலுவலகத்துக்கு, மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கச் சொல்லும் பெண் வீட்டார்தான் அதிகம் வருவார்கள். அந்தப் பழக்கத்தில் உதவியாளன் இனிகோ, "மாப்பிள்ளை போட்டோ இருக்காக்கா?" என்று கேட்டுவைத்தான். நர்கீஸ் பார்த்த பார்வையில் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எங்க பிரியாணி மசாலாவுல பிளேடு கிடந்திருக்கு சார்," என்றாள். "ஓசூர்ல ஒரு பச்சப்புள்ளைக்கு நாக்கு கிழிஞ்சிருச்சு."

கைப்பேசியை நீட்டினாள். வாங்கியவர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து அனுப்பிய நாலு படங்கள். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி. பிரித்த அட்டைப்பெட்டி, தட்டில் கொட்டிய மசாலா, நீளவாக்கில் உடைத்த பாதி பிளேடு, பக்கத்தில் ஒரு சிட்டிகை கல்கண்டு.

நர்கீஸ் விற்பது இணையச் சந்தையில். சமையலறையில் தனியாளாக ஆரம்பித்தவள், இன்று பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறாள். பிரியாணி மசாலா என்று தேடினால் முதல் பக்கத்தில் அவள் பொட்டலம் நிற்கும். இப்போது அவளுடைய இணையக் கடையைச் சந்தை நடத்தும் நிறுவனம் முடக்கி வைத்திருந்தது. எப்படி நடந்தது, யார் செய்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று இன்று சாயங்காலத்துக்குள் எழுதியனுப்ப வேண்டும். தவறினால் கடை ஒரேயடியாகப் போய்விடும்.

"யாருன்னு எனக்குத் தெரியும். மெஹராஜ். பொட்டலம் ஒட்டுறவ. நேத்து எல்லாருக்கும் முன்னாடி முந்தானைய உதறச் சொன்னேன், முடிய அவுக்கச் சொன்னேன். ஒண்ணும் சிக்கல. நீங்க ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க."

வெயில் ஏறுமுன் மூவரும் பேகம்பூர் போய்ச் சேர்ந்தார்கள். கீழே பட்டறை, மாடியில் வீடு. பட்டறையில் மசாலா ஒரு காந்தத் தகட்டின் மேல் சரிந்து பைகளில் விழுந்தது. ஆணியோ கம்பியோ இருந்தால் தகடு பிடித்துக்கொள்ளும். அடுத்த நொடியே இயந்திரம் பையின் வாயை ஒட்டிவிடும். மேசையில் பை, முகவரிச் சீட்டு, ஒட்டும் நாடா, அவ்வளவுதான். சுவரில் கேமரா வேறு.

மூலையில் மெஹராஜ் உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டு நிறுத்தியாயிற்று, ஆனாலும் ஆதாரம் கிடைக்கும்வரை போகக்கூடாதென்று உத்தரவு. முந்தின நாள் அவிழ்த்த முடியை அவள் அள்ளி முடிந்திருக்கவேயில்லை. கூட வேலை பார்க்கும் ஒருத்திகூட அவள் பக்கம் திரும்பவில்லை, அவர்களும் பிழைக்க வேண்டுமே.

மாடியில் நர்கீஸின் மகள் ஷப்னம் கணினி முன்னால் இருந்தாள். திரும்பி வந்த பெட்டிகளைப் பாதி பிளேடால் கீறித் திறந்துகொண்டிருந்தாள். விரல் படாமலிருக்க ஒரு பக்கம் நாடா சுற்றியிருந்தது.

"காலேஜ விட்டு நிப்பாட்டிட்டேன்," என்றாள் நர்கீஸ், பெருமையாக. "வாங்குறவங்களுக்குப் பதில் போடுறதுல இவள அடிச்சுக்க ஆள் கிடையாது. இவ அத்தா மவுத்தாகிப் போனதுலருந்து நாங்க ரெண்டே பேருதான் இந்த வீட்ல. வேற ஆள நான் ஏத்துறதில்ல."

இனிகோ அலமாரிப் பக்கம் போனான். கல்கண்டு ஜாடிக்குப் பக்கத்தில் வாயை மடக்கி வைத்த ஒரு மசாலாப் பை இருந்தது. கை நீட்டினான்.

"தொடாதீங்க!" என்று பதறினாள் நர்கீஸ். "அது நாளைக்குப் போணி. தெனம் முதல் ஆர்டர் என் கையாலதான் போகணும். ராத்திரி பூரா இங்க இருக்கும். காலைல தொழுதுட்டு, பிஸ்மில்லா சொல்லி நானே ஒட்டுவேன். கடை முடங்கியும் இத நான் விடல."

உடையப்பன் அலமாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். செத்த நேரம் காற்றாட நிற்கலாம் என்று இனிகோவை வெளியே கூட்டிப்போனார்.

"அண்ணே, எனக்கு விளங்கிருச்சு," என்றான் இனிகோ. "தப்ரேஸ்னு ஒருத்தன் இதே மசாலாவப் போட்டிக்கு விக்கிறானாம். ஆள் வச்சு வாங்கி, பிளேடப் போட்டுப் படம் எடுத்திருக்கான்."

"படத்துல கல்கண்டு இருந்துச்சே, பாத்தியா?"

"இனாமாக் குடுப்பாங்க."

"கீழ மேசைல கல்கண்டு இருந்துச்சா?"

"இல்லையே," என்றான் இனிகோ. உடையப்பன் அவன் தோளைத் தட்டினார். "வா. மெஹராஜையும் மேல கூப்பிடு."

மாடி அறை அன்று நெருக்கமாகத் தெரிந்தது. நர்கீஸ் நின்றாள். மெஹராஜ் வாசலோடு நின்றாள். ஷப்னம் நாற்காலியைத் திருப்பவில்லை.

"கல்கண்டு யாருக்குப் போகும் அம்மா?" என்று ஆரம்பித்தார் உடையப்பன்.

"போணிக்கு மட்டும்தான். நானே பெட்டிக்குள்ள வைப்பேன்."

"நாலு படத்துலயும் கல்கண்டு இருக்கு. அப்ப பிளேடு கிடந்த நாலும் போணி. தப்ரேஸ் ஆள் வச்சு வாங்கியிருந்தா, தன் ஆர்டர்தான் அன்னைக்கு முதல் ஆர்டர்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு தற்செயலா அமையலாம். நாலும் அமையுமா?"

நர்கீஸ் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். போணியைப் பாக்கியமாகவே நினைத்து நினைத்து, அதில் கெடுதல் இருக்கலாமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"கீழ பொட்டலம் ஒட்டுறவங்க கையில இது நடக்கல. காந்தம் பிடிச்சுக்கும், மீறினா கேமரா இருக்கு. வாய் ஒட்டாம ராத்திரி பூரா இருக்குற பை ஒண்ணே ஒண்ணுதான். அது இருக்குறது இந்த அலமாரியில. மெஹராஜ் மாடிக்கு வாரதில்ல. வீட்ல இருக்குறது ரெண்டு பேரு. கட்டின கடைய நீங்களே இடிக்க மாட்டீங்க."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். ஷப்னம் கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்தாள்.

"கடை மூடுனா காலேஜுக்கு விடுவீங்கன்னு நெனைச்சேம்மா," என்றாள். "வாங்குறவங்க பாத்து எடுத்துப் போட்டுட்டுத் திட்டி எழுதுவாங்கன்னுதான்... அந்தப் புள்ளைக்கு அப்படி ஆகும்னு..."

மெஹராஜ் சுவரில் சாய்ந்து அழுதாள். நேற்றிலிருந்து அடக்கியது. "அல்லா இருக்கான்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த நிம்மதி அவளுக்குச் சில நிமிஷம்தான் கிடைத்தது என்பதை நினைத்தால் உடையப்பனுக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

நர்கீஸ் மகளை அடிக்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தாள், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். "வேலைக்கு இருந்த பொம்பள பண்ணா, நீக்கிட்டேன்னு எழுதலாம்," என்றாள் நிதானமாக. "பெத்த மக பண்ணான்னு எழுதுனா கடை போச்சு, நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளையும் கிடையாது. மெஹராஜ், அது உன் பேர்லயே இருக்கட்டும். சம்பளம் மாசாமாசம் வீட்டுக்கு வந்துரும்."

"தெருவுக்கு என்னக்கா சொல்லுவீங்க?"

"தெருவுக்கும் அதேதான்."

"எனக்கும் பொம்பளப்புள்ள இருக்குக்கா."

நர்கீஸ் கேட்காத மாதிரி முக்காட்டைச் சரிசெய்தாள். உடையப்பன் குரலை உயர்த்தாமல், "நான் ஸ்டேஷன்ல உள்ளதச் சொல்லுவேன்," என்றார். "மெஹராஜ், கிளம்புங்க. நான் சாட்சி."

மெஹராஜ் அசையவில்லை. "நீங்க சொல்லிட்டு உங்க ஆபீசுக்குப் போயிருவீங்க சார். நான் இருக்குறது இவங்களோட இன்னொரு வீட்ல வாடகைக்கு. இவங்கள எதுத்துட்டு இந்தத் தெருவுல எங்க போறது?"

இனிகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்புத் துலங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றுவரை நம்பியிருந்தான், பாவம்.

"எழுது," என்றாள் நர்கீஸ் மகளிடம்.

"அப்ப காலேஜு?"

"கடைதான் பொழைக்கப் போகுதே. எதுக்குக் காலேஜு?"

ஷப்னம் கணினி பக்கம் திரும்பித் தட்டினாள். நன்றாகவே எழுதினாள், பதில் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாதல்லவா. பாதியில் கை நின்றது. வாசல் பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

"மெஹராஜ் அக்கா, முழுப் பேர் கேக்குறாங்க. உங்க அத்தா பேரு என்ன?"

மெஹராஜ் முடியை அள்ளி முடிந்துகொண்டு, தன் தகப்பன் பேரைச் சொன்னாள்.