சால்வைக்குக் குஞ்சம்

கடற்கரைக்குப் போனால் வாப்பா கரைவலை இழுப்பார். சுபைறா ஓட்டை விழுந்த சிப்பிகளாகப் பார்த்துப் பொறுக்குவாள். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை ஈர்க்கில் சுருட்டி, பளபளவென்று மணி செய்வாள். இரண்டையும் நூலில் கோர்த்தால் மாலை! மருதமுனைப் பிள்ளைகள் பிளாஸ்டிக் மணியைக் கண்ணால்கூடக் கண்டிராத காலம் அது.

நோன்புப் பெருநாளைக்கு அடுத்த வீட்டு றஹீமாவும் அவளும் ஒரே மாதிரி மாலை போடுவதாகப் பேச்சு. மணி தயார், சிப்பி தயார். நூல்தான் இல்லை.

வீட்டில் தறி இருக்கிறதே, நூலுக்கா பஞ்சம்? உம்மா நெய்யும்போது தறிக்குக் கீழே விழும் நூலெல்லாம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் அன்று கிடந்தவை எல்லாம் விரல் நீளம். அது எந்தக் கழுத்தைச் சுற்றும்?

சுபைறா நிமிர்ந்து பார்த்தாள். ஆண்கள் இடுப்பில் கட்டும் சாறன்களில் கடைக்காரர் கேட்ட கடைசியை உம்மா அன்றுதான் நெய்து முடித்து வெட்டி எடுத்திருந்தார். தறியில் சிவப்பும் பச்சையுமாக முழ நீள இழைகள் மீந்திருந்தன. துணியைத்தான் எடுத்தாயிற்றே, இதுவும் மிச்சம்தானே?

உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். கேட்டுவிட்டு எடுப்போமா என்று நினைத்தாள். கேட்டு, வேண்டாம் என்றுவிட்டால்? அந்தப் பயம் வந்ததும் கை கத்தரிக்கோலுக்குப் போய்விட்டது. முன்பக்க முடிச்சுகளை வெட்டிவிட்டு இழுத்தாள். இழைகள் சீப்புப் போன்ற அச்சுக்குள்ளிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு வந்தன. தனக்கு, றஹீமாவுக்கு, குஞ்சத்துக்கு என்று இழுத்து இழுத்து, கடைசியில் தறி மொட்டையாக நின்றது.

உம்மா தொழுதுவிட்டுப் புதுப் பாவோடு வந்தார். தறியில் நீளவாக்கில் ஏற்ற வேண்டிய, நீலமும் வெள்ளையுமான நூல்கள். தறியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ட றப்பே! ஆரு இத உருவின?"

முற்றத்தில் ஆடு நின்றது. பழியை ஆட்டின் தலையில் போடலாம். ஆனால் ஆட்டுக்கு ஏது கத்தரிக்கோல்?

"நான்தான் உம்மா, மாலைக்கு. மிச்சம் எண்டு நினைச்சன்."

"மிச்சமா? புதுப் பாவ இந்தப் பழைய இழைகளோட முறுக்கித்தான் புள்ள இணைக்கிற. பிறகு இழுத்தா எல்லாம் அச்சுக்குள்ளால தன்பாட்டுல வந்திரும். இப்ப ஒவ்வொண்டாக் கோர்க்கணும். பெருநாளைக்குள்ள சாறன் நெய்ஞ்சு முடியிற வேலையா இது?"

"ஆருட சாறன் உம்மா?"

"வாப்பாடதான். நாம ஊருக்கெல்லாம் நெய்யிறம், அந்த மனிசன் ஒட்டுப்போட்ட சாறனோட பெருநாள் தொழப் போறார். இந்த வருஷமாவது எண்டு ஆசப்பட்டன்."

உம்மா ஏசவில்லை. நோன்புக் களைப்போடு தறியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு அடி போட்டிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது சுபைறாவுக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ஒரே ஒரு வார்த்தை!

"நான் பின்னுக்கு இருந்து இழை எடுத்துத் தாறன் உம்மா. நீங்க முன்னால இழுங்க."

சுபைறா ஒவ்வொரு இழையாக நீட்ட, உம்மா கொக்கியால் அச்சுக்குள் இழுத்தார். வெயில் சாயும்போது உள்ளங்கை அகலம்தான் முடிந்திருந்தது. உம்மாவின் உதடு காய்ந்துபோயிருந்தது. அதைப் பார்த்த சுபைறா இன்னும் வேகமாக இழைகளை நீட்டினாள்.

மாலை வாங்க வந்த றஹீமா கதையைக் கேட்டாள். "எனக்கும் சேர்த்துத்தானேகா உருவினாய்" என்று, சிக்கெடுக்க அவளும் பக்கத்தில் குந்திவிட்டாள்.

நாட்கள் ஓடின. பெருநாள் நெருங்கியும் தறியில் பாதிதான் நிறைந்திருந்தது. உம்மா கொக்கியைக் கீழே வைத்தார்.

"இனிச் சாறன் சரிவராது மகள்."

சுபைறா கோர்த்த இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாறனுக்கு அகலம் போதாது. ஆனால்...

"உம்மா, இந்த அளவுக்கு நெய்ஞ்சா ஒரு சால்வை வராதா?"

உம்மா சாணால் அளந்து பார்த்தார். "ஓம், வரும்!" அத்தனை நாளில் உம்மா சிரித்தது அப்போதுதான்.

சால்வை நெய்து முடிந்தது. ஆனால் ஓரம் வெறுமையாகத் தெரிந்தது. உருவிய நூலில் றஹீமாவுக்கும் தனக்குமாகக் கோர்த்திருந்த மாலைகளில், சுபைறா தன்னுடையதை அவிழ்த்தாள். சிப்பியையும் மணியையும் டப்பாவுக்குள் போட்டாள். சிவப்பும் பச்சையுமான அந்த நூலில் குஞ்சம் செய்து, நான்கு மூலையிலும் கட்டினாள்.

பெருநாள் காலையில் வாப்பா சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்கட சாறன நான்தான் இல்லாமச் செஞ்ச வாப்பா" என்றாள் சுபைறா.

"உம்மா சொன்னா மகள். இந்தக் குஞ்சம்?"

"அந்த நூல்தான்."

"அப்ப ஒன்ட மாலை?"

"அவிழ்த்திட்டன். றஹீமா அவள்ட மாலையப் போட்டிரிக்காள். எனக்கு வேணாம்."

வாப்பா அவள் தலையைத் தடவினார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் சாறனில் அந்தப் பழைய ஒட்டு தெரிந்தது. சுபைறா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சந்துபோல் ஒடுங்கிய ஒழுங்கையால் போனால் பள்ளிவாசல் கிட்ட. ஆனால் வாப்பா ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. குஞ்சங்களை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, ஊரே பார்க்கும்படி, பெரிய றோட்டால் சுற்றிக்கொண்டு போனார்.