சிகிச்சையின் கடைசிப் படி

இதயத்தை வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, அதன் சொந்தக்காரர் சூடாக ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். செவ்வாய்க் குடியிருப்பு மருத்துவமனையில் இதெல்லாம் சகஜம். ரத்தத்தை ஓட்டும் வேலையைக் குழாய்கள் பார்த்துக்கொள்ளும். நோயாளி படுத்தபடி ஊர்க்கதை பேசுவார்.

"தச்சு முடியட்டும், தரேன்" என்றாள் சிஸ்டர் மெட்டில்டா.

டாக்டர் இளம்பரிதிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நூற்றுக்கையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்திறங்கிய அறுவை எந்திரம் அது. பூமியின் அறுவை அரங்குகளில் தலைமுறை தலைமுறையாகப் பதிவான காட்சி, பேச்சு அத்தனையையும் கற்றுத் தேர்ந்தது. மயிரிழையிலும் மெல்லிய நூறு விரல்கள் ஒன்றோடொன்று முட்டாமல் தைப்பதைக் கண்டபோது, இத்தனை காலம் கத்தி பிடித்த தன் கை வெறுமனே விளையாடிக்கொண்டிருந்ததாக அவருக்குத் தோன்றியது. கும்பிட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் சட்டப்படி அரங்குக்குத் தலைமை அவர்தான். அவர் "நிறுத்து" என்றால் மட்டுமே எந்திரம் நிற்கும்.

"சார், பெரிய ரத்தக்குழாயில ஒரு கிளிப் எடுக்காம இருக்கு" என்றாள் மெட்டில்டா.

இது மட்டும் அவருக்குக் கேட்டது. இவ்வளவு பெரிய வித்தைக்காரனுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று 'நிறுத்து' சொல்லாமல் விட்டுவிட்டார்.

இதயம் துடிக்கத் தொடங்கியதும் நோயாளியின் பேச்சு நின்றது. முகம் நீலம் பாரித்தது. இளம்பரிதி பதறி ஓரடி பின்வாங்கினார். நூற்றுக்கையன் அசரவில்லை. விரல்கள் புகையாய்ச் சுழன்றன. கிளிப் வெளியே வந்தது. கிளிப்பின் அழுத்தத்தில் கிழிந்திருந்த குழாய் கண்ணெதிரே மூடிக்கொண்டது.

"காப்பி என்னாச்சும்மா?" என்றார் நோயாளி.

இளம்பரிதியின் கண்கள் நிறைந்துவிட்டன. இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்போது எந்திரம் பேசியது. "சிஸ்டர் ஒழுங்கா சொல்லல. அதான் இப்படி ஆயிடுச்சு."

மெட்டில்டாவின் முகம் வெளுத்தது. உயிருக்கு ஆபத்து விளைவித்தவர் என்று பதிவாகிவிட்டால் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் கணவனும் குழந்தையும் இங்கேதான் இருந்தார்கள்.

"சார், உங்ககிட்ட சொன்னேனே சார்."

"அவங்க சொன்னாங்களே. நீ ஏன் இப்படிப் பேசுற?" என்று இளம்பரிதி எந்திரத்தைக் கேட்டார்.

"அது சிகிச்சையின் கடைசிப் படி, டாக்டர். நான் கற்ற பதிவுகளில், சிக்கலான அறுவைகள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் முடிகின்றன. சொன்னவுடன் மருத்துவரின் நாடி சீராகிவிடுகிறது. அவசியமான படி என்று எடுத்துக்கொண்டேன்."

"அது தப்பு. மாத்திக்கோ."

"மாற்றிக்கொள்ளலாம். தலைமை மருத்துவர் தானே பொறுப்பேற்றதாக ஒரு பதிவு கிடைத்தால் போதும். இப்போதும் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்லுங்கள்."

அரங்கில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தான் சொல்லாமல் விட்ட ஒற்றைச் சொல் அவருக்குத் தெரியும். பொறுப்பேற்பவர் ஏறவேண்டிய அடுத்த கப்பல் எப்போது என்பதும் தெரியும். முகமூடியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"சிஸ்டர் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

"நன்றி, டாக்டர்" என்றது நூற்றுக்கையன். "உங்கள் நாடி சீராகிவிட்டது."