ஒடியாத கோடு

கோடு ஒடியவே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

விடுமுறை நாளின் மதியம். ஆய்வகத்தில் உறைபெட்டிகளின் முனகலும் ஸ்பிரிட் வாடையும்தான் துணை. வெளியே வராந்தாவில் கூட வந்த தம்பி செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தான். அம்மா எத்தனை திட்டியும் அவன் விடாத பழக்கம்.

படகு கவிழ்ந்து காணாமல் போனவன், இரண்டு வருடம் கழித்துப் போன வாரம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். இவன் அவன்தானா என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று பேச, அவர்கள் வாயை அடைக்கத்தான் இவள் அவன் ரத்தத்தை எடுத்து வந்தாள். அவனுடைய பழைய மரபணு வரிசை கைவசம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிப் பார்க்க அவன்தான் முணுமுணுத்துக்கொண்டே கை நீட்டியிருந்தான்.

ஒப்பிட்டுக் காட்டும் மென்பொருளில் பழைய வரிசையைக் கிடையாகவும் புதியதைச் செங்குத்தாகவும் வைத்தாள். பொருந்தும் இடமெல்லாம் புள்ளி விழும். ஒரே ஆள் என்றால் புள்ளிகள் சேர்ந்து மூலைக்கு மூலை ஒரு சாய்கோடாகும். ஆனால் இந்தக் கோடு ஓரிடத்தில் ஒடிந்து எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். துண்டு துண்டாகப் படித்த பழைய வரிசையைக் கணினியில் கோத்தபோது ஒரு துண்டை அவள் தலைகீழாக ஒட்டிவிட்டாள். மேலதிகாரி கிண்டலடித்தும் சோம்பலில் திருத்தவில்லை.

ஒரே கோப்பை இரண்டு தடவை ஏற்றிவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை. இது இந்த வாரம் எடுத்த ரத்தம்தான். புது இயந்திரம் தானே படித்துக் கோத்தது.

அந்தத் தவறு தம்பி உடம்பில் என்றுமே இருந்ததில்லை. இந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. இப்போது இவன் ரத்தத்திலும் இருக்கிறது.

அப்படியானால் வந்திருப்பவனை எதைப் பார்த்துச் செய்தார்கள்?

பயத்தில் புத்தி நின்றுபோக, கை மட்டும் தொழில் பழக்கத்தில் நகர்ந்தது. பழைய கோப்பில் அந்தத் துண்டைத் தேர்ந்தாள். திருப்பினாள். சேமித்தாள்.

திரையில் கோடு ஒடிந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் நின்றது.

கதவு திறந்தது. அவள் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் மூச்சு.

"அந்தத் தப்பை இத்தனை நாள் விட்டு வச்சிருந்தியேக்கா," என்றான். குரலில் கோபமே இல்லை. அழுகைதான் இருந்தது. "இப்ப ஏன் திருத்தின? இப்படித் திரும்பின உடம்போட அம்மாகிட்ட எப்படிப் போவேன்?"

மவுஸைப் பிடித்திருந்த அவள் கைமேல் அவன் புறங்கை படிந்தது. உள்ளங்கை ரேகைகள் மேலே பார்த்தபடி இருந்தன. விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடங்கி, அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டன.