நகல் போகும் இடம்

கம்ப்யூட்டரில் சேமிப்பதற்கான பொத்தானை லூசி அழுத்தியதும், தலைக்கு மேலே பரண் பலகைக்குப் பின்னால் ஏதோ கர்ரென்று சுழன்று அடங்கியது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கரியாலூரில் பொழுது சாயுமுன்பே மூடுபனி இறங்கி, ஜன்னல் கம்பிகளில் நீர் கோத்து, கடுக்காய் மரங்களின் ஈர வாசனையை அறைக்குள் கொண்டுவந்து விட்டிருந்தது.

ஒதுக்கீடு கேட்டு மலைக்குக் கீழே நடந்த மறியலில் ஒரு லாரி டிரைவர் செத்துப்போனார். கூட்டம் எறிந்த கல் என்றார்கள். பஸ்ஸுக்குள்ளிருந்து லூசி பார்த்தது வேறு. கம்பியால் அடித்தவன் போராட வந்தவனே அல்ல. அவள் கணவன் சேவியர்ராஜ் வேலை செய்யும் குவாரியின் ஆள். அதைத்தான் வக்கீலுக்காக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதச் சொன்னதே சேவியர்தான். கம்ப்யூட்டரில் நகல்கள் கண்ட இடத்தில் சிதறாமல் ஒரே ஃபோல்டரில் சேரும்படி அமைத்துக் கொடுத்ததும் அவன்தான். “நீ தைரியமா எழுது. நா கீறேன்ல,” என்றான்.

டிரைவரின் மனைவி இருசம்மாள் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தாள். லூசி அதை நீக்கினாள். பழைய நகல்களிலும் நீக்க வேண்டுமே என்று அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

காலி.

எழுதும் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய், நகல்கள் எங்கே சேர்கின்றன என்று தேடினாள். அங்கே சேவியருடைய லேப்டாப்பின் பெயர் இருந்தது. ஒவ்வொரு வரியும் அவனுக்குப் போயிருக்கிறது. இருசம்மாளின் பெயரும்.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. அந்த லேப்டாப் இந்த வீட்டு வைஃபைக்குள் இருந்தால்தான் நகல் அங்கே போய்ச் சேரும். கடைசி நகல் இப்போதுதான் சேர்ந்திருந்தது.

காலையில் அதைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியவன் அவன்.

அவனுக்குப் போன் செய்தாள்.

“எலவனாசூர்கோட்டைலயே மாட்டிக்கினேன் லூசி. மரத்த வெட்டிப் போட்டுக்கினு ரோட்டுல குந்திக்கினு கீறாங்க. கேக்குதா?”

கேட்டது. கோஷம். நூறு தொண்டைகள்.

போனை மெல்லக் காதிலிருந்து விலக்கினாள்.

கோஷம் நிற்கவில்லை. மிக மெலிதாக, மேலேயிருந்து வந்தது. முதலில் மேலே. அப்புறம்தான் போனில்.

“லேப்டாப்பு எங்க?” என்றாள்.

மேலே கோஷம் பாதியில் நின்றது. போனிலும் நின்றது.

“வெளிய போவாத,” என்றான் சேவியர், அன்பாக. “கதவத் தாப்பா போட்டுக்கோ.”

பரண் பலகை நகர்ந்தது. தூசி உதிர்ந்தது. பீடி நாற்றம். சேவியர் பீடி குடிப்பதில்லை.

இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மெதுவாக இறங்கித் தரையைத் துழாவின. கருத்த, தடித்த, அவள் அறியாத கால்கள். அவற்றுக்கும் மேலே, இருட்டில், போன் வெளிச்சத்தில் சேவியரின் முகம்.

“பாத்து எறங்குண்ணே,” என்றது அது.

போனிலும் அதே குரல் கேட்டது.