புறங்கை

காய்ந்த பெயிண்டைத் தொட்டால் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஈரம் மிச்சமிருந்தால் மட்டும் சில்லென்று காட்டிக்கொடுத்துவிடும். அவள் விரல்களை மடக்கி, புறங்கை முட்டிகளால் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கி எழுந்த பிள்ளையின் கன்னம் மாதிரி.

கையை எடுத்துக்கொண்டாள். ஜன்னலே இல்லாத கூடம் அது. வெயில் பட வழியில்லை. கூரையில் வரிசையாக எரிந்த விளக்குகளும் சூடு தராத வகை. புதுப் பெயிண்டின் வாடையும் உப்புத்தாள் தேய்த்த தூசும் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்க, குளிரூட்டி எங்கோ மேலே மூச்சு வாங்குவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினால்கூட அந்த மூச்சு நிற்காதோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை ரோலரோடு சேர்த்து வாளியில் முக்கினாள்.

அந்தக் கலைக்கூடத்தில் எல்லாச் சுவரும் கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். படங்களைக் கழற்றி, ஆணித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி வெள்ளையடிப்பதுதான் அவளுக்கும் அவள் அக்காவுக்கும் பிழைப்பு. இந்த ஒரு சுவர் மட்டும் மாறாது. சுவரேதான் படைப்பு. வெள்ளைமேல் வெள்ளை, அதன்மேல் வெள்ளை. பழைய பூச்சைச் சுரண்டக் கூடாது. கையால் தொடவும் கூடாது. அதன் முன்னால் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பார்கள். வர முடியாதவர்களுக்கு எதிரே பொருத்திய கேமரா பகலெல்லாம் இணையத்தில் காட்டும். படைத்தவர் கூரைக்குக் கீழேயும் தொப்பியைக் கழற்றாதவர். அக்கா அவருக்கு வைத்த பெயர் தொப்பி. அவர் கைகள் எப்போதும் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். "கைய வாடகைக்கு விட்டிருக்காரோ என்னமோ" என்று அக்கா சிரிப்பாள்.

அந்த அக்கா போன கண்காட்சிக்கு இந்தச் சுவரில் கடைசிப் பூச்சு அடிக்கத் தனியாக வந்தவள்தான். வீடு திரும்பவில்லை. "அம்மா எப்ப வருவாங்க சித்தி?" என்று அவள் மகள் கேட்பதையும் இப்போது விட்டுவிட்டாள். சாப்பிடும்போது வாசலை மட்டும் பார்க்கிறாள். அதனால்தான் தங்கை இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"தொட்டீங்களா?"

பின்னால் மேலாளர் நின்றிருந்தார். கறுப்புச் சட்டை, சத்தம் போடாத காலணி.

"காஞ்சிடுச்சான்னு பாக்க வேணாமா சார்?"

"பாக்கறதுக்குக் கண்ணு இருக்கில்ல?"

"வாசலில வைக்கிற பலகையில போட்டுடுங்க, கண்ணாலயே காய வைக்கிறோம்னு." அவள் ரோலரைப் பிழிந்தாள். "எங்க அக்காவும் தொட்டாளா?"

அவர் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "உங்க அக்கா பாதி வேலையில போயிட்டாங்க. எத்தனை தடவ சொல்றது?"

"செருப்பு போடாமலா?"

"என்ன?"

"பின்னாடி சாமான் அறையில ஏணிக்குக் கீழ கெடக்கு. காலையில பாத்தேன். வாரு அறுந்து நான் தச்சுக் குடுத்த செருப்பு. என் தையல் எனக்குத் தெரியாதா சார்?"

"சாயந்திரம் தொடக்க விழா. ஆளுங்க வந்துடுவாங்க. சீக்கிரம் முடிங்க" என்று அவர் போனார். வந்ததைவிட வேகமாகப் போனார்.

அவள் வேலையைத் தொடர்ந்தாள். ரோலர் ஏறி இறங்கும் ஈரச் சத்தம் மட்டும் கூடத்தில் நிறைந்தது. தொடக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் பெயிண்ட் அடிக்கிறவள் கை கேட்காது. அடித்த இடத்தை முட்டியால் ஒற்றிப் பார்க்காமல் அடுத்த இடத்துக்கு நகராது. அக்கா கையும் அப்படித்தான். அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தக் கைதான். இதை நினைத்தபோது, சற்று முன் அவள் தொட்ட இடத்தில் ஏதோ நிழல் தட்டியது.

ஏணியை நகர்த்தி, சுவரோடு கன்னத்தை ஒட்டியதுபோல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாள். மேடு பள்ளம் தெரிய அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான்கு சிறு மேடுகள். பட்டி பிதுங்கியதுபோல் வெளியே தள்ளிக்கொண்டு. மூன்று ஒரே வரிசை. நான்காவது மட்டும் கொஞ்சம் கீழே, விலகி.

அக்காவின் சுண்டுவிரல் ஏணியில் நசுங்கிக் கோணிப்போனது. மடக்கினால் வரிசையில் நிற்காது.

உள்ளேயிருந்து யாரோ காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாமான் அறைக்கு ஓடினாள். சுவரின் பின்பக்கம் வெறும் பலகை. தட்டினால் பொத்துப் பொத்தென்றது. ஒரு சாண் தடிமன்கூட இல்லை. அதற்குள் ஒரு பூனை நிற்க முடியாது. கீழே செருப்பு, அவள் கைத்தையலோடு.

திரும்பி வந்தபோது முன்கதவு திறந்திருந்தது. வாசனைத் திரவியங்களோடு, கண்ணாடிக் கோப்பைகளோடு ஆட்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள். மேலாளர் கையை அசைத்து அவளை ஓரமாகப் போகச் சொன்னார்.

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவள் பையிலிருந்து சுரண்டியை எடுத்தாள்.

"என்னம்மா பண்றீங்க? ஏய், அவங்களப் பிடிங்க!"

"கிட்ட வாங்க சார். வந்து தொட்டுப் பிடிங்க."

யாரும் வரவில்லை. மேலாளர் பெஞ்சைத் தாண்டவில்லை. தொப்பி கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார், கைகள் பைக்குள்.

"பழசைச் சுரண்டக் கூடாதும்மா" என்றார், மெதுவாக, வருத்தத்தோடுகூட.

"உங்களுக்கு அது பழசு. எனக்கு அக்கா."

சுரண்டினாள். வெள்ளை தோலாக உரிந்து விழுந்தது. உள்ளே வெள்ளை. அதையும் உரித்தாள். இன்னும் வெள்ளை, இன்னும் சூடு. பலகை வரவில்லை. கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. முழங்கை வரை போனது. சுவரின் தடிமனைத் தாண்டிப் போனது. பின்னால் செல்போன்கள் உயர்ந்தன. யாரோ "அற்புதம்" என்றார்கள்.

உள்ளே ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

கோணல் சுண்டுவிரல்.

"அக்கா. விடாத. நான் வந்துட்டேன். விட்டுடாத."

இழுத்தாள். வந்தது. வெள்ளை விரல்கள். வெள்ளை மணிக்கட்டு. ரேகைகூடத் தெரியாத வெள்ளை. முழங்கை வந்தது. அந்த முழங்கையை இன்னொரு கை பிடித்திருந்தது. அதைப் பிடித்தபடி இன்னொன்று. அதற்கும் பின்னால், ஆழத்தில், இன்னும்.

சுவரெங்கும் மேடுகள் எழுந்தன. நான்கு நான்காக. தரையிலிருந்து கூரை வரை.

கூட்டம் கை தட்டியது.

அந்தக் கைகள் இழுத்தன. அவள் தோள் சுவரில் மோதியது. கன்னத்தில் சூடு பட்டது. "எல்லாரையுமா வச்சிருக்க?" என்றாள் சுவரிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "இழு. நானும் இழுக்கிறேன். இன்னிக்கு ஒண்ணு நீ, இல்ல நாங்க."

வலக்காலைத் தூக்கிச் சுவரில் உதைத்து ஊன்றினாள். சுவர் மெத்தென்று உள்வாங்கியது. கால் திரும்பி வரவில்லை. விரல்களுக்கு இடையே வெள்ளை வழிந்து கணுக்காலுக்கு ஏறியது, வெதுவெதுப்பாக, அவசரமே இல்லாமல்.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு பிடியை இறுக்கிக்கொண்டு, இடக்காலையும் தூக்கிச் சுவரில் ஊன்றினாள். இழுத்தாள்.

அவள் உடம்பில் எதுவும் இப்போது தரையில் இல்லை. தொப்பி முதல்முறையாகப் பையிலிருந்து கைகளை எடுத்தார், தட்டுவதற்கு. மணிக்கட்டுக்குக் கீழே அவருக்கு ஒன்றுமே இல்லை. சுவரில், அவள் முகத்துக்கு நேராக, நீண்ட மெல்லிய விரல்களோடு இரண்டு கைகள் அவருக்காகத் தட்டிக்கொண்டிருந்தன.