வாசலுக்கு வாசல் கீறிய பெட்டி

“பின்னால எறிஞ்சது முன்னால எப்பிடியப்பா—”

“நாய் இழுத்துக்கொண்டு வந்திருக்கும். உமக்கு எல்லாத்துக்கும்—”

“இந்தக் காட்டில எங்கயப்பா நாய்? அட்டையும் பனிப்புகாருமெல்லோ கிடக்கு!”

மங்கையற்கரசி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணவருக்கு முன்படியைக் காட்டினாள். கூரைக்குள் செத்துக் கிடந்த மரநாய். காலையில் அவளேதான் அதை மண்வெட்டியால் வாரிப் பின்வாசலால் பள்ளத்தில் வீசினாள். இப்போது முன்படியில் வயிறு வெடித்துக் கிடந்தது. தோல் அவித்த கிழங்கின் தோலாய்க் கழன்றிருந்தது. உள்ளே, உலையில் அரிசி கொதிப்பதுபோலப் புழு.



கணவர் தர்மராஜா பௌதிக விரிவுரையாளர். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துப் பழைய பங்களாவை அவர் வாடகைக்கு எடுத்தது ஆராய்ச்சிக்காகத்தான். திரவத்துக்குள் அணுக்கள் எப்படி முண்டியடித்துக் கிடக்கின்றன என்று கணித்துப் பார்க்கவேண்டும். கொழும்புக் கம்ப்யூட்டரில் அவருக்கு முறை கிடைக்கவில்லை. அதனால் சிறுவர் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளைகளை அணுக்களாக வைத்து, பகடை விழுந்தபடி ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார். தட்டில் இடம் போதாமல், நேற்று நடு மண்டபத் தரையில், முன்வாசல் நிலையிலிருந்து பின்வாசல் நிலைவரை சுண்ணக்கட்டியால் பெரிய பெட்டி கீறிவிட்டார்.

“கோட்டைத் தாண்டிப் போற போளை?” என்று அப்போதே கேட்டிருந்தாள்.

“எதிர்க்கோட்டால உள்ளுக்கு வரும். கைப்பிடி போளையால கடலளவு திரவத்தைக் காட்டவேணுமெல்லோ? அதால சுவரே இல்லை எண்டு வைக்கிறது. இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில இதே பெட்டி, அதுக்குப் பக்கத்திலயும் இதே பெட்டி.”

“அப்ப வாறது, போன போளைதானோ?”

“இல்லை, அதின்ர பிரதி. கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

இப்போது அந்தப் பேச்சு அவளுக்குள் புரண்டது.

“அந்தக் கோட்டை அழியுங்கோ. உங்கட காலைப் பிடிக்கிறன்.”

“படிச்ச பொம்பிளை கதைக்கிற கதையே? இதை நானே புதைக்கிறன். அதோட உம்மட வாயும் அடங்கட்டும்.”

மண்வெட்டியில் அதை ஏந்தி மண்டபத்துக்கு நடுவால் நடந்தார். சுண்ணக்கோட்டின்மேல் மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டே போயிற்று. பின்வாசலைத் தாண்டியதும் பனிப்புகார் அவரை விழுங்கியது.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது.

பள்ளத்திலிருந்து குரல் வந்தது. “மங்கை! நீர் காலமை எறிஞ்சது இஞ்சதான் கிடக்கு! அப்ப இது என்ன?”

அவள் பின்வாசல் நிலையில் நின்று கத்தினாள். “எல்லாத்தையும் விட்டிட்டு வாங்கோ!”



சுவாமி படத்தடிக்கு ஓடினாள். விளக்கு வைக்கிற நேரம். முன்வாசலால் வரும் லட்சுமி பின்வாசலால் போய்விடக்கூடாதென்று, திரி கொளுத்துமுன் பின்கதவைச் சாத்துவது தாய்வீட்டுப் பழக்கம். பயத்தில் புத்தி எங்கேயோ நிற்க, கை தன்பாட்டில் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டது. திரியும் பற்றியது.

அப்போதுதான் உறைத்தது. அவர் வெளியிலல்லவா!

முன்படியில் காலடி கேட்டது.

தர்மராஜா முன்வாசலால் வந்தார். மண்வெட்டியில் அதே மரநாய்.

“ஏனப்பா அதைத் திருப்பிக் கொண்டு வந்தனீங்கள்?”

அவர் அதைப் பெட்டிக்கு நடுவில் சரித்துவிட்டுப் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். பகடையை உருட்டினார்.

“கையையாவது கழுவுங்கோவன்.”

அவர் ஒரு போளையை எடுத்து நகர்த்தினார். விரலை எடுத்தபோது தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு, உறைபோலக் கழன்று வந்தது. அவர் விரலை வாயில் வைத்து நிதானமாகச் சூப்பினார்.

மண்டபம் முழுக்க ஊளை நாற்றம். அவளது நாக்கிலும் அதன் வழவழப்பு.

சுவரோடு ஒட்டி ஒட்டிப் பின்கதவடிக்கு வந்தாள். அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கடைவாயிலிருந்து வெள்ளையாய் ஒன்று நெளிந்து விழுந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டது.

“மங்கை, ஏன் பூட்டினனீர்? திறவுமப்பா, கையெல்லாம் நாறுது.”