சனிக்கிழமை வராத லேயா

சனிக்கிழமை கீழத்தெருவோடு கோ-கோ பந்தயம். மேலத்தெரு அணிக்கு ஓவியாதான் தலைவி. அணியிலேயே வேகமாக ஓடும் லேயாவோ அன்றைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

லேயாவின் குடும்பம் கொச்சியிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஏன் வரமாட்டாய் என்று திடலில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் பேச்சை மாற்றினாள்.

கூட விளையாடும் கார்த்திக்ராஜ் சும்மா இருப்பானா? ஊருக்கு யார் புதிதாக வந்தாலும் பெரியவர்கள் கேட்பதை அப்படியே கேட்டுவிட்டான்.

"நீங்க என்ன ஆளுக?"

லேயா தலைகுனிந்தாள். அவன் விடவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமானா உங்க வீட்ல மெழுகுவத்தி ஏத்துறாக. போன்ல தேடிப் பாத்தேன். யூதர்களா நீங்க? சொல்லிட்டுப் போ."

எல்லோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். லேயாவின் கண் கலங்கிவிட்டது. மெல்லப் பையை எடுத்தாள். இப்படியே போனால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று ஓவியா பயந்தாள்.

உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படிக் கேட்பது?

அவள் கார்த்திக்ராஜைத் தனியே இழுத்துப்போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "ஏலே, கல்யாணப் பந்தியில உன்னையும் இப்படித்தான கேட்டாக? நீ சாப்பிடாம எந்திரிச்சு வந்தேல்ல?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஒதுங்கிப் போனான். கூட்டமும் கலைந்தது.

ஓவியா லேயாவிடம் வந்தாள். "ஏன்னு சொல்ல வேணாம். என்னைக்கு வர முடியும்னு மட்டும் சொல்லு."

"ஞாயிற்றுக்கிழமை" என்றாள் லேயா.

ஓவியா நேரே கீழத்தெருவுக்குப் போனாள். பயந்துவிட்டாயா என்று அங்கே கேலி செய்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் லேயா தானாகவே பேச்செடுத்தாள்.

"நாங்க யூதர்கள்தான். வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் எங்களுக்கு ஓய்வு நாள். சொல்றதுக்கு எனக்கு வெட்கம் இல்ல. எல்லாரும் சுத்தி நின்னு கேட்டதுதான் பயமாப் போச்சு."

ஓவியா சற்று யோசித்தாள். "இத நான் மத்தவுககிட்ட சொல்லலாமா?"

"வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜெயிச்சதும் நானே சொல்றேன்" என்ற லேயா, முதன்முறையாகச் சிரித்தாள். "கார்த்திக்ராஜ்கிட்டதான் முதல்ல. பாவம், அவனுக்கு அதுவரைக்கும் தூக்கமே வராது."